பிரேக் தட்டும் டயல் கேஜும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

‘ரன் அவுட்’ என்றவுடன் நம் கல்லூரி நண்பர்களுக்கு மைதானமும் மட்டையுமே கண்முன் தோன்றும். சென்ற கோடை விடுமுறை வரை எனக்கும் அப்படித்தான். மோட்டார்த் தொழிலில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்பதை எங்கள் ஊரான கானாடுகாத்தானில், ஒரு பெரிய வீட்டின் கார்க் கொட்டகையில் தெரிந்துகொண்டேன்.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்த வீட்டுக் கார்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். கல்யாணம், திருவிழா என்றால் வருவார். வந்தால் அவர் எடுப்பது 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட வண்டி.

அப்பா பழகிய பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இந்த வண்டிக்கோ முன்சக்கரங்களில் டிஸ்க். 10¾ அங்குல விட்டமுள்ள இரும்புத் தட்டை இருபுறமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கும். லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் 1953-இல் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பழைய தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று வீட்டுக்காரர் புதியன இரண்டு வரவழைத்தார். மறுநாள் காலை வண்டி வேண்டுமென்றதால், அப்பா அந்தி மயங்கிய பின்னும் இருந்து மாட்டி முடித்தார். காலையில் பள்ளத்தூர் வரை ஓட்டிப்போய்த் திரும்பியவர், முகப்பில் நாலு பேர் இருக்கும்போதே, “புதுத் தட்டுப் போட்டும் உதறுதே! மொத மிதியில பெடல் அடியில போகுது” என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

அன்றே காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கேட்டு, டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் வாங்கி வந்தேன். நம் ஆய்வுக்கூடத்துத் திருகு அளவியைப் போலவே இதற்கும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. முதலில் பேரிங் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் விட்டே பூட்டுகிறார்கள். எனவே ஹப்பை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு சுற்றினால்தான் அளவு மெய்யாகும். கேஜின் முனையைத் தட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே பதித்து, முள்ளைச் சுழியில் நிறுத்தி, தட்டை மெல்லச் சுற்றினேன். வலப்பக்கம் 0.05. இடப்பக்கம் 0.16!

0.1 மி.மீ. என்பது ஏறக்குறைய நோட்டுத் தாள் ஒன்றின் கனம். அதைத் தாண்டித் தட்டு தள்ளாடினால், ஒவ்வொரு சுற்றிலும் பட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால்தான் முதல் மிதி வெறுமையாகப் போயிருக்கிறது. நான் நேரே உள்ளே போய், “அய்யா, தட்டுத்தான் கோணல்” என்றேன். அவர் விற்றவருக்குப் பேச உடனே கைப்பேசியை எடுத்தார்.

அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். “கொஞ்சம் பொறுங்கய்யா” என்று அவரிடம் சொல்லி, என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், “தட்டத் திருப்பி மாட்டிப் பாத்தியாடா?” என்றார். நான் பார்க்கவில்லை. தட்டிலும் ஹப்பிலும் சாக்பீஸால் குறியிட்டு, கழற்றி, தட்டை அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டினோம். கோணல் தட்டுடையது என்றால் மேடு தட்டின் குறியோடு நகர வேண்டும். அது ஹப்பின் குறியருகிலேயே நின்றது. மறுபடி கழற்றினோம். ஹப்பின் முகத்தில், ஒரு போல்ட் துளைக்குப் பக்கத்தில், நகத்தளவு துருப் பொருக்கு. அது இருந்த இடத்தைவிடக் கேஜ் தொட்ட இடம் மையத்திலிருந்து ஏறக்குறைய இரு மடங்கு தூரம். பிழையும் அதே விகிதத்தில் பெருகியிருந்தது.

அந்த முகத்தை அன்றிரவு துடைத்து மாட்டியவர் அப்பா. இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளாக மங்கிய வெளிச்சத்தில் அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி அது. என் கேஜ் அதை இப்போது எண்ணாகச் சொல்லிவிட்டது. துருவைச் சுரண்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. தட்டின் மேல் பழி போட்டாயிற்று. வேறொரு தட்டும் வந்துவிடும்.

அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முகப்புக்குப் போனார். “அய்யா, தட்டு நல்லாத்தான் இருக்கு. ஹப்புல துரு இருந்தத நான் கவனிக்கல. தப்பு நம்மளுது” என்றார். வீட்டுக்காரர் சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு, “சரி, முடிச்சுட்டுச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிக் கைப்பேசியை வைத்தார்.

கம்பி பிரஷ் போட்டு, எமரித் தாளால் தேய்த்து, பளபளவென்று ஆன முகத்தில் தட்டை மீண்டும் பூட்டினோம். 0.04. வலப்பக்கத்தையும் கழற்றித் துடைக்க வேண்டுமென்று அப்பாவே சொன்னார். பிறகு தட்டைத் தாமே சுற்றிக்கொண்டு, கேஜின் பக்கம் திரும்பாமல், “முள்ளு எங்கடா நிக்குது, சத்தமாச் சொல்லு” என்றார்.