மூக்கால் பார்த்த மூன்று புட்டிகள்

தலைப்பைக் கண்டு சங்கத்து அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. நமக்குக் குடிப்பழக்கம் இல்லை. நம் தந்தையார் மறைந்த அன்று, ‘ஒரு சொட்டும் நாவில் படாது’ என்று அன்னையாருக்கு வாக்களித்தோம். காரணத்தை விரிக்க வேண்டுவதில்லை.

சென்ற மாதம் கரக்பூரில், நம்மோடு சரக்கு அலுவலகத்தில் பணியாற்றிய மூத்த எழுத்தர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் அவர் மகன் கொணர்ந்த இரு புட்டிகளும், பெங்களூரில் வாங்கிய ஒன்றும் அன்று மாலை மேசைமேல் வீற்றிருந்தன. நாம் தயங்குவதைக் கண்ட பெரியவர், “தம்பி, குடிக்க வேண்டாம், முகர்ந்து பாருங்கள். பீப்பாய்களைத் தேர்ந்தெடுக்கும் வல்லுநர்களே பெரும்பாலும் மூக்கால்தான் பார்க்கிறார்கள்” என்றார். வாக்கு நாவைப் பற்றியது, மூக்கைப் பற்றியதன்று. இசைந்தோம்.

‘சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்’ என்னும் பெயரைக் கண்டவர் இட்டுக்கொள்ள இயலாது. 2009ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிப்படி, அது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியினின்று வடிக்கப்பட வேண்டும். ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் உறங்க வேண்டும். புட்டிமேல் 12 என்றிருந்தால், உள்ளிருப்பவற்றுள் மிக இளையதன் வயது 12 என்பது பொருள்.

வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிது ஊற்றி, சில துளி நீர் சேர்த்து நீட்டினார்கள். முதலாவது ஸ்பேசைடு வட்டாரத்துக் கிளென்ஃபிட்டிக், வயது 12. பழுத்த பேரிக்காயின் மென்மணம், சாதுவான சரக்கு. இரண்டாவது ஐலே தீவின் லஃப்ராய்க், வயது 10. அங்கே சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் ‘பீட்’ கட்டிகளை எரித்து, அப்புகையில் பார்லியை உலர்த்துவார்கள். முகர்ந்ததும் ஆஸ்பத்திரி அயோடினும், பாலத்தில் முன்பு இட்ட தாரூறிய மரச் சிலீப்பர்களும் நினைவுக்கு வந்தன. இரயில்வேக்காரனுக்கு ஏற்ற மணமே!

மூன்றாவது பெங்களூரின் அம்ருத். ஸ்காட்ச் அன்று, ஆயினும் சிங்கிள் மால்ட், 2004இல் கிளாஸ்கோ நகரிலேயே துணிந்து அறிமுகமானது. அதில் வெல்லப்பாகின் மணம் எழுந்தது. கிண்ணம் உதட்டருகே சென்றுவிட்டதை மறைக்க மாட்டோம். தந்தையாரையும் இப்படித்தானே ஏதோ ஒன்று அழைத்திருக்கும் என்று அக்கணம் முதன்முறையாகத் தோன்றியது.

அப்போது பெரியவர், “பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாய்ப் போவதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 2, பெங்களூர் வெப்பத்தில் 10ஐயும் எட்டும்” என்றார். வழியில் குறையும் சரக்குக்குக் கணக்கெழுதும் நமக்கு அச்சொல் தைத்தது. நம் வீட்டில் ஆண்டுதோறும் குறைந்ததைத் தேவதைகள் கொண்டுபோகவில்லை. அன்னையாரின் வளையல்களும் நம் கல்லூரிப் படிப்பும் அந்தக் கணக்கில் அடங்கும். கிண்ணத்தைக் கீழே வைத்தோம்.

இரவு வீடு திரும்பியபோது அன்னையார் வாசலில் நின்றிருந்தார். அருகில் வந்து ஒருமுறை மூச்சிழுத்தார்.

“சட்டையிலே வாடை இருக்கு, வாயிலே இல்லே. சாப்பிட வாடா” என்றார்.

எத்தனையோ ஆண்டுகள் அந்த நேரத்தில் வாசலில் நின்று பழகிய மூக்கு அது.