காய்க்காத செடிக்கு ஒரு வாரிசு

மொரீஷியஸுக்குக் கிழக்கே உள்ள ரோட்ரிக்ஸ் தீவில் காஃபே மாரோன் என்ற காப்பிக் குடும்பச் செடி அழிந்தேவிட்டது என்றிருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் அதன் கிளையோடு வந்து நின்றான். எனக்கு இந்தக் கதையின் நாயகன் அவன்தான்.

செய்தி பரவியதும் மருந்துக்கென்று ஆட்கள் கிளை ஒடிக்க, எஞ்சியிருந்த அந்த ஒற்றை மரத்தைச் சுற்றி வேலிமேல் வேலி போட்டார்கள். (நம்மூராயிருந்தால் மஞ்சள் துணி சுற்றிக் கும்பிட்டிருப்போம், அதுவும் வேலிதான்!)

1986இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன அதன் கிளைத்துண்டு ஒன்று வேர்விட்டது. பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது, காய் மட்டும் இல்லை. 2003இல் கியூவின் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா விடாமல் மகரந்தம் தடவித்தான் விதை கண்டார். விதைகள் தீவுக்குத் திரும்பின. எல்லாம் ஒரே மரத்தின் வாரிசுகள். ஒரு நோய் வந்தால் மொத்தமும் ஆடிப்போகலாம். இருந்தாலும் கண்ணாடி வீட்டைவிடச் சொந்த மண்ணில் அது வளர்வதே எனக்குப் பிடிக்கிறது.