கத்தி ஆடினால்...

உங்கள் வீட்டு மேஜை டிராயரில் பேனாக்கத்தி ஏதாவது கிடக்கிறதா? தேடிப் பாருங்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வந்த கத்தி அது. இறகு போய், நிப்பு போய், பால்பாயின்ட்டும் வந்தாச்சு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் அப்பாவிடம் ஒன்று உண்டு. கொம்புப் பிடி, பித்தளை ஆணி, அலகில் பாதி தேய்ந்த 'ஷெஃபீல்டு'. தபால் பிரிக்க, பென்சில் சீவ, மாம்பழம் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். போன மே மாதம் பழம் நறுக்கும்போது அலகு பக்கவாட்டில் ஆடி, கட்டை விரலில் மூன்று தையல். அம்மா கத்தியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டாள். "எண்பத்திரண்டு வயசுல கத்தி ஒரு கேடா?" அப்பா பதில் பேசவில்லை. ஆனால், மறுநாள் நறுக்கிவைத்த மாம்பழத்தைத் தொடவும் இல்லை.

சரி, நாமே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன். பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. அலகின் அடியில் ஒரு துளை, அதில் ஓர் ஆணி. ஆணியின் இரண்டு முனையும் தட்டிப் பரப்பப்பட்டிருக்கும். முதுகில் உள்ள இரும்புப் பட்டை ஸ்பிரிங்காக அழுத்தும். வருஷக்கணக்கில் மடக்கி விரித்ததில் ஆணி தளர்ந்து போகிறது. அவ்வளவுதானே! சுத்தியலால் ஓங்கி இரண்டு போட்டேன். ஆட்டம் நின்றது. கூடவே கத்தி திறப்பதும் நின்றது!

தெருமுனை நகை ஆசாரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இதை அடிக்கக் கூடாது. தட்டணும்." எண்ணெய் விட்டு, மெள்ள மெள்ள அசைத்தே அதை விடுவித்தார். அவர் சொல்லித்தந்ததை அப்படியே தருகிறேன்.

முதலில் அலகின் கூர்ப்பக்கத்தில் துணி சுற்றி டேப் ஒட்டுங்கள். மண்ணெண்ணெயில் மூட்டைக் கழுவுங்கள். குளிர்பான டின்னில் மெல்லிய தகடு வெட்டி, நடுவில் பிளந்து, அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஆணியை அணைத்தாற்போல் செருகுங்கள். அந்த இடைவெளிதான் பிறகு கத்தியைத் திறக்க விடும். பழைய இரும்பு எடைக்கல் மேல் ஆணி படும்படி வைத்து, சின்னச் சுத்தியலால் ஆணித் தலையின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பத்துத் தட்டு, திருப்பிப் போட்டுப் பத்துத் தட்டு, ஆட்டம் பாருங்கள். நின்றதும் தகட்டை உருவிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு ஆட்டத்துக்குத்தான் இந்த வைத்தியம். திறந்த அலகு மேலும் கீழும் ஆடினால் துளையோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும். தட்டிப் பிரயோஜனம் இல்லை.

எவ்வளவு இறுக்கம் சரி? ஆசாரி கேட்டது ஒரே கேள்வி: "யார் நகத்தால திறக்கப் போறாங்க?" என் நகத்துக்குச் சரியாக இருந்தால் போதாது. அப்பாவின் நகத்துக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் அவர் கையில் கொடுத்தேன். திறந்தார். 'டக்'. அலகைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. மாம்பழத்தில் வைத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கத்தி ஆடலைடா. நீயே நறுக்கு."

நறுக்கினேன். இந்தத் தடவை சாப்பிட்டார்.