இரு சாவடிகளுக்கு இடையே

பெங்களூரிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரயிலில் செல்வோருக்கு மாநில எல்லை எங்கே வந்தது, எங்கே போயிற்று என்பதே தெரியாது. ஆனேக்கல் நிலையத்தைக் கடந்த வண்டி ஓசூரில் வந்து நிற்கும். இடையில் நம்மை எவரும் ‘யார் நீ’ என்று கேட்பதில்லை. இரயில்வே எழுத்தராகிய நாம் இதனைச் சற்றுப் பெருமையோடு கூறினால் அன்பர்கள் பொறுத்தருள்க. சாலை வழியோ வேறு. இப்புறம் அத்திப்பள்ளி, அப்புறம் ஜூஜூவாடி, இரண்டிலும் சாவடி. 2017 சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்படும்வரை, லாரிகள் அங்கு நீண்ட வரிசையில் நின்றதை நம்மில் பலர் கண்டிருப்பர்.

ஆயினும் தாளைக் காட்டி வரியைச் செலுத்திக் கடக்கும் எல்லை பெரிய துன்பமன்று. ஆளையே கேட்கும் எல்லைதான் துன்பம்.

2016 செப்டம்பரில் பக்ரீத்தையொட்டி வந்த விடுமுறையில், வாடகை வேன் ஒன்றில் குடும்பத்தோடு தருமபுரிப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் சென்றிருந்தோம். ஓட்டுநர் மண்டியாப் பக்கத்துக் கன்னடர். காவிரி நீர் பற்றிய உச்சநீதிமன்ற ஆணையையடுத்து 12ஆம் நாள் பெங்களூரில் கலவரம் மூண்டது. ஒரே பணிமனையில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. இரவில் பல காவல் சரகங்களில் ஊரடங்கு. அதே நாளில் இராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட சுற்றுலா வண்டிகளும் தாக்குண்டன. செய்தி கேட்ட நம் பெரியப்பா, வேனை வைக்கோற்போருக்குப் பின்னால் விடச் செய்து எண்பலகையில் சேற்றைப் பூசினார். ஓட்டுநர் திண்ணைக்குக்கூட வரவில்லை. மூன்று நாள் உள்ளறையிலேயே உண்டு உறங்கினார். யாரேனும் கேட்டால் “நம் வீட்டுப் பிள்ளை, வாய் பேசாது” என்றார் பெரியம்மா.

15ஆம் நாள் வேனை அங்கேயே விட்டுவிட்டு ஓசூர் வந்தோம். பேருந்துகள் எல்லையோடு நின்றன. மக்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றி, குழந்தைகளை இடுக்கிக்கொண்டு, வெயிலில் நடந்தே எல்லை கடந்தனர். பெங்களூரில் வேலை, பெங்களூரில் வீடு; போகாமல் என் செய்வது! நாமும் அக்கூட்டத்தில் நடந்தோம். ஜூஜூவாடிவரை ஓட்டுநர் வாய் திறக்கவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டியதும் நம் வாய் மூடிற்று. அவர் வாய் திறந்தது.

சிறிது தொலைவில் இளைஞர் சிலர் வழிமறித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டனர். நமக்குக் கன்னடம் நன்றாகவே வரும். எனினும் நாக்கிலுள்ள தமிழ் வாடை காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சம். ஓட்டுநர் முன்னே வந்து, “இவரு நம்ம மனெயவரு” என்றார். ‘எங்கள் வீட்டார்’ என்பது பொருள். மூன்று அகவை நிரம்பாத நம் மகள் அவ்வேளை பார்த்து அழத் தொடங்கினாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று நடுங்கினோம். “அம்மா” என்றாள். அச்சொல் இரு மொழிக்கும் பொது. வழி விட்டனர்.

பத்து நாள் கழித்து அவர் தனியே சென்று வேனை ஓட்டி வந்தார். பெரியம்மா கொடுத்தனுப்பிய புளியும் கேழ்வரகும் அதில் இருந்தன. கேட்ட வாடகைக்கு மேல் ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார்.

நிற்க. அந்தப் பெரியம்மா 2020இல், கொரோனா ஊரடங்கின்போது, காலமானார். இம்முறை எல்லையில் இளைஞர்கள் இல்லை. இணையவழி இசைவுச் சீட்டு மட்டுமே. இறப்புச் சான்று கேட்டது அது. உயிர் பிரிந்து இரண்டு மணி நேரம் ஆகாத வீட்டில் சான்றுக்கு எங்கே போவது? முதல் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. மருத்துவமனைத் தாளைப் படமெடுத்து மீண்டும் அனுப்பினோம். அதே ஓட்டுநர் அன்று முழுதும் வண்டியோடு நம் வாசலில் காத்திருந்தார்.

இசைவு மறுநாள் மாலை வந்தது. அதற்குள் ஊரில் பால் தெளித்து முடித்திருந்தனர்.