கூதிர் காலத்துச் செங்காந்தள்

மேனாட்டார் இலையுதிர் காலம் என்று கூறும் மாதங்கள் நமக்குக் கூதிர் காலமாகும். பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தபோது, ஐப்பசியையும் கார்த்திகையையும் இப்பெயரால் வழங்கினர். அங்கே மரங்கள் இலைகளை உதிர்த்து உறங்கச் செல்லும் வேளையில், இங்கே வடகீழ்ப் பருவமழை மண்ணை நனைத்து, மண்ணுள் உறங்கிய கிழங்குகளை எழுப்பிவிடுகின்றது. அவ்வாறு எழுவனவற்றுள் அழகிலே தலைசிறந்தது காந்தள்.

இம்மலருக்குப் பெயர்கள் பல. யாழ்ப்பாணத்தார் கார்த்திகைப் பூ என்பர். சிங்கள மக்கள் நியங்கலா என்பர். தமிழகத்து உழவர் கண்வலிக் கிழங்கு என்பர். நிலத்தடிக் கிழங்கு கலப்பையைப் போல வளைந்திருத்தலின் கலப்பைக் கிழங்கு என்னும் பெயரும் உண்டு. 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு இட்ட குளோரியோசா சுபெர்பா என்ற பெயரில் இரண்டு சொற்களுமே புகழ்மொழிகள். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர் வரிசையும் செங்காந்தளிலேயே தொடங்குகின்றது. மகளிர் விரலுக்கு இதனை உவமை கூறிய சங்கப் புலவரும் உண்டு.

பற்றைக் காட்டிலும் மணற்பாங்கான கரையோரத்திலும் இக்கொடி தானாகவே முளைக்கும். தனியே நிற்கும் வலிமை அதன் தண்டுக்கு இல்லை. ஆதலால் ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு, அருகிலுள்ள சுள்ளியைப் பற்றிக்கொள்கின்றது. பூ தலைகவிழ்ந்து நிற்க, ஆறு இதழ்களும் மேனோக்கி வளைகின்றன. முதலிற் பச்சை, பின்னர் மஞ்சள், முடிவிற் செந்தீ என அவை நிறம் மாறும். சூல்தண்டோ மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதிற் படாதிருத்தற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. மழை ஓய்ந்ததும் கொடி வாடி மறையும். கிழங்கு மட்டும் அடுத்த மழைக்காக நிலத்தினுள் காத்திருக்கும்.

இத்துணை அழகினுள் கொடிய நஞ்சும் உறைகின்றது. ஐரோப்பாவின் புல்வெளிகளில் இலையுதிர் காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் என்ற ஊதா மலர் இதற்கு உறவு. இரண்டிலும் உள்ள நஞ்சு கொல்சிசின். உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை அது தடுக்கும். மருத்துவர் அளந்து கொடுத்தால் கவுட் என்னும் மூட்டு நோயைத் தணிப்பதும் அதுவே. இதன் பொருட்டே தமிழகத்தில் கரூர், திண்டுக்கல் முதலிய இடங்களில் இக்கொடியை விதைக்காகப் பயிரிடுகின்றனர். காலை வேளைகளில் உழவர் பூவுக்குப் பூ நடந்து, மகரந்தத்தைத் தம் கையாலேயே சேர்த்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வளவின் கிளுவை வேலியிலும் ஒரு கொடி படர்ந்தது. அப்பாச்சிக்கு அது பிடிக்கவில்லை. “பிள்ளைகள் விளையாடுகிற வளவிலே நஞ்சை வளர்க்கலாமோ? கிழங்கோடு கிண்டி எறி, தம்பி” என்றார். அவர் அச்சம் வீணானதன்று. வற்றாளங்கிழங்கு போன்ற உண்ணும் கிழங்கென மயங்கி இதனைத் தின்று மாண்டவர் இந்நாட்டில் உண்டு.

ஆயினும் நாம் வேறு விதமாகச் சிந்தித்தோம். கிண்டி எறிந்த கிழங்கு எங்கே போகும்? குப்பையிற் கிடந்தாலும் அதன் துண்டு முளைக்கும். அறியாத ஒருவர் கையிலும் அகப்படும். நம் வேலியில் இல்லாமற் செய்தாலும் ஒழுங்கையோரப் பற்றையில் அது இருக்கத்தான் செய்யும். இதனை அறியாத பிள்ளைக்கு அங்கேதான் ஆபத்து மிகுதி.

எனவே கொடியை அவ்விடத்திலேயே விட்டோம். கிழங்குப் பாத்தியை வளவின் மறுபுறத்துக்கு மாற்றினோம். ஓடித்திரியும் பிள்ளைகளுக்கு இலையையும் பூவையும் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தோம். பார்க்கலாம், வாயில் வைத்தலாகாது என்றோம். எதனையும் வாயிலிடும் சிறு குழந்தை உள்ள வீட்டார் இதனை வளர்க்காதிருத்தலே நன்று. யாரேனும் தின்றுவிட்டால், குமட்டல் தொடங்கட்டும் என்று காத்திருத்தலும் கூடாது. நஞ்சின் குறிகள் சில மணி நேரம் கழித்தே தோன்றக்கூடும். எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அப்பாச்சி இன்னும் மனமிசையவில்லை. ஆனால் கார்த்திகை பிறந்ததும் வேலியோரம் சென்று, இம்முறை எத்தனை பூ என்று முதலில் எண்ணி வருபவர் அவரே. பேரப்பிள்ளைகள் பின்னே சென்றால், “தள்ளி நின்று பாருங்கோ” என்று எச்சரிப்பவரும் அவரே.