பிராந்தும் கருடனும்

அம்மம்மாவுக்குச் செம்பருந்து இரண்டு பறவை. வெள்ளைத் தலையும் வெள்ளை நெஞ்சும், மிச்சமெல்லாம் செங்கபிலமுமாய் மேலே வட்டமடித்தால் கருடன். கைவேலையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வா. மண்ணிறமாய் ஒன்று தாழ வந்தால் பிராந்து. விளக்குமாறோடு முற்றத்துக்கு ஓடுவா. செம்பருந்துக் குஞ்சு முதலில் மண்ணிறமாய்த்தான் இருக்கும், அந்த வெள்ளையும் செம்மையும் முழுசாய் ஏற இரண்டு மூன்று வருஷம் செல்லும் என்று பிறகுதான் படித்தேன். அம்மம்மா கலைத்ததில் எத்தனை கருடக் குஞ்சுகளோ!

ஆனால் பிராந்தை முதலில் காண்பது அம்மம்மா இல்லை, தாய்க்கோழிதான். நிழல் விழமுன்னமே தொண்டைக்குள் ஒரு உறுமல். குறுணல் பொறுக்கின குஞ்செல்லாம் செட்டைக்குள் ஓடிப் பூந்துவிடும். அம்மம்மா "கூ...ய்" என்றால் கிடுகு வேலிக்கு அங்காலை மாமி எடுப்பா, பிறகு அடுத்த வளவு, அதற்கடுத்த வளவு. சத்தம் ஒழுங்கை முழுக்கப் போகும். வேலிக் கதியாலில் இருக்கிற கரிக்குருவியும் சும்மா இராது. காகத்திலும் சின்னக் குருவி, பிராந்தின் முதுகுக்கு மேலாலே பறந்து கொத்திக் கொத்திக் கலைக்கும்.

சாவகச்சேரியில் இருந்து கரைக்குக் கச்சாய் றோட்டால் சைக்கிள் உழக்கினது இன்னும் நினைவிருக்கிறது. வயல் முடிய உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். கண்டல் வேரடியில் சேற்று மணம், கரையில் காயப்போட்ட வலையின் இறால் மணம். வலையில் கழித்துவிட்ட பொடிமீனுக்குச் செம்பருந்து வருகிறது. மீன்கொத்திபோலத் தண்ணிக்குள் பாயாது. மேலோட்டமாய்ச் சரிந்து வந்து, கால் மட்டும் நனைய மீனைத் தூக்கும். பிறகு இறங்கி இருக்கவும் வேண்டாம்: பறந்தபடியே காலை முன்னுக்கு நீட்டி, தலையைக் குனிந்து பிய்த்துத் தின்னும். அந்தக் குனிவைப் பார்க்கத்தான் நான் கரையில் நிற்பேன். விரித்தால் நாலடிக்குக் கிட்ட வரும் செட்டை, நுனியில் கறுப்பு, வால் வளைந்த விளிம்பாய் இருக்கும். வால் கவராய்ப் பிளந்திருந்தால் அது கரும்பருந்து. இலங்கையில் அதை வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் கூடக் காணலாம்.

தை மாசத்தில் எங்கள் வளவுக் கோடிப் பனையில் செம்பருந்துக் கூடு இருக்கும். சுள்ளி, காய்ந்த இலை, எங்கையோ கொடியில் இருந்து விழுந்த துணித்துண்டு. பெரும்பாலும் இரண்டு முட்டை. அந்த நாளில் மேலே பூனை முனகுகிற மாதிரி இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டே இருக்கும்.

2000ஆம் ஆண்டு சாவகச்சேரிக்குள் சண்டை வந்தது. கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுவிட்டு ஊரைவிட்டு எழும்பினோம். திரும்பி வரேக்கை கோடிப் பனைக்கு வட்டில்லை. சில பனை பங்கருக்குப் போயிருந்தது. மாமியாக்கள் வரவில்லை, அவையின்ரை வளவில் இப்ப வேறை ஆக்கள், வேலி இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே மதில். நல்ல சனம்தான். கோழி வளர்க்கிறதில்லை, சந்தையில் உரித்து வாங்குகினம்.

செம்பருந்து இன்னும் கச்சாயிலும் தனங்கிளப்பிலும் நிற்கிறது. வந்தால் விடிய, தோணிகள் கரைக்கு வாற நேரம் வாருங்கோ. வெயில் ஏறினால் அதுகளும் உயர ஏறிவிடும், பிறகு தலை வெள்ளையோ மண்ணிறமோ என்று கீழே நின்று பிரித்தறியேலாது.