பங்குக்காரி

அரண்மனை என்றுதான் நண்பன் சொல்லியிருந்தான். பிரான்ஸின் தென்மேற்கே பெரிகோர் கிராமப்புறத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு வீடு, மூன்று குடும்பங்கள் தாராளமாகத் தங்கலாம், நீச்சல் குளம் உண்டு. பாரிஸிலிருந்து அவன் குடும்பம், லண்டனிலிருந்து இன்னொரு கல்லூரித் தோழன் குடும்பம், சென்னையிலிருந்து நாங்கள். கோபுரம், அகழி, வளைந்து ஏறும் படிக்கட்டு என்று விமானத்திலேயே ஒரு கோட்டையைக் கட்டி முடித்திருந்தேன். போய் இறங்கினால் மாடியே இல்லாத நீளமான வீடு. மஞ்சள் கல் சுவர், சரிவான ஓட்டுக்கூரை, வரிசையாகக் கதவுகள். அந்தப் பக்கத்தில் இதற்கு ஷார்த்ரூஸ் என்று பேர். கோட்டை கட்ட வசதி போதாத சின்னப் பிரபுக்களும் பட்டணத்து வழக்கறிஞர்களும் கட்டிக்கொண்ட நாட்டுப்புற வீடு. உள்ளே நடைபாதை கிடையாது; ஒரு அறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். கடைக்கோடி அறைக்காரர் நடுராத்திரி கழிவறைக்குப் போவதென்றால் இரண்டு தம்பதிகளின் கட்டில்களைக் கடந்தாக வேண்டும். இருமிக்கொண்டே நடப்பது என்ற ஒழுங்கு முதல் ராத்திரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஜன்னல் சண்டை. ஆகஸ்ட் வெயில். காலை பத்து மணிக்குமேல் ஜன்னல்களின் மரக்கதவுகளை இழுத்துச் சாத்திவிட வேண்டும், பொழுது சாய்ந்தபின்தான் திறக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருந்தார். முழங்கை நீளத்துக்கும் அதிகமான கனத்தில் சுவர். சாத்தி வைத்தால் உள்ளே உண்மையிலேயே குளுகுளுவென்றுதான் இருக்கும். "பகல் முழுக்க இருட்டுல உட்காரவாடா இவ்ளோ வாடகை?" என்று லண்டன்காரன் திறப்பான். பாரிஸ்காரன் சாத்துவான். ஒரு ஜன்னல் மட்டும் இந்தச் சண்டையில் சேரவில்லை. அதைக் கல் வைத்து அடைத்து, மேலே பூசியிருந்தார்கள். பிரான்ஸில் 1798 முதல் 1926 வரை கதவுக்கும் ஜன்னலுக்கும் வரி இருந்தது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் காசு. வரியைக் குறைக்க அடைத்த ஜன்னல்கள் உண்டு. முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டுமென்று கட்டும்போதே பொய்யாகப் போட்டவையும் உண்டு. எங்களுடையது எந்த வகை என்று ஒரு மாலை முழுக்க வாதாடினோம். பக்கத்தில் லாஸ்கோ குகை ஓவியங்களின் நகல் இருக்கிறது. போனோம், பார்த்தோம். அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய.

வீட்டுக்காரரின் சீட்டுகள் எங்கும் இருந்தன. செப்டிக் டேங்க் வயதானது, கழிவறையில் பிளீச்சிங் ஊற்றாதீர்கள். இந்த அலமாரியைத் திறக்காதீர்கள். அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். கிழக்குக் கோடியில் ஒரு அறை பூட்டியிருந்தது. அதில் மட்டும் சீட்டு இல்லை. வெள்ளைக்காரனிடம் வீடு எடுத்தால் இப்படித்தான், விருந்தாளியைத் திருடனாகவே பார்ப்பான் என்று சலித்துக்கொண்டேன். எனக்குள் அப்படியொரு எண்ணம் நெடுநாளாக உண்டு.

அதற்கு மறுநாள் மதியம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தோட்டத்தில் ஒரு கிழவி. எழுபது வயது தாண்டியிருக்கும். நீலப் பூப்போட்ட மேலங்கி, கையில் கூடை. பக்கவாட்டுக் கதவைச் சொந்த வீடுபோலத் திறந்துகொண்டு வந்து, பச்சை பிளம்ஸ் மரத்தடியில் நின்று பறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு. மறுபடி பறித்தார்.

"காசு கொடுத்தது நாம. வீட்டுக்காரருக்குப் போன் போடு" என்றேன். நண்பன் போனை எடுத்தும்விட்டான். அதற்குள் அவனுடைய அம்மா கொல்லைப்பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஐம்பது வருஷத்துக்கு முன்பே பாரிஸ் புறநகர் ஒன்றில் குடியேறியவர். அவருடைய பிரெஞ்சு கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்த பிரெஞ்சு. மகன் பேசுவதைவிட அது பழையது, விறைப்பானது. மரத்தடியில் இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்த அம்மா, "போனை வைடா. அது அவ வீடு. மூணுல ஒரு பங்கு" என்றார்.

வீட்டுக்காரருக்குக் கிழவி அக்கா. இன்னொரு தம்பி போர்தோவில். பெற்றோர் போனபின் வீடு மூன்று பேருக்கும் பொதுவாக வந்தது. நெப்போலியனின் 1804 சிவில் சட்டப்படி, பிரான்ஸில் பெற்றவர்கள் நினைத்தாலும் ஒரு பிள்ளையை ஒதுக்கிவிட முடியாது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கே சரிசமமாக. மிச்சக் கால் பங்கைத்தான் பெற்றவர்கள் விருப்பப்படி எழுதி வைக்கலாம். நிலத்தைப் பிரிக்கலாம், வெள்ளிக் கரண்டிகளை எண்ணிப் பிரிக்கலாம், நீளமான ஒரு வீட்டை எப்படிப் பிரிப்பது? பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகாமல் விற்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இந்த அக்கா சம்மதிக்கமாட்டார். ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் சேர்ந்தால் வாடகைக்கு விடும் முடிவை எடுக்கலாம். தம்பிகள் இருவரும் சேர்ந்தார்கள். கூரை ஒழுகுகிறது, கோடை வாடகையில்தான் ஓடு மாற்ற முடியும் என்பது அவர்கள் வாதம். அதுவும் நியாயம்தான். பிரெஞ்சுக் கிராமங்களில் விடுமுறை வீடுகள் 1950களில் பரவியதே இதற்காகத்தான்: ஊரை விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், வீடுகள் பாழடைந்தன, செப்பனிட்டுப் பட்டணத்தாருக்கு வாடகைக்கு விட்டால் விவசாயிக்கும் உபரி வருமானம் என்று கணக்குப் போட்டார்கள்.

பூட்டிய அறை அக்காவுடையது. கிராமத்தின் மறுகோடியில் குடியிருக்கும் அவர், தம்பி வாடகைக்கு விடும் வாரங்களில் பிளம்ஸ் பறிக்க வருகிறார். காலியாக இருக்கும்போது வருவதில்லை.

"அதுல என்னங்கம்மா சந்தோஷம்?" என்று கேட்டேன்.

"யாராவது பாக்கணும்ல. இது என் வீடுன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல."

அம்மாவுக்கு எப்படி இவ்வளவு சுளுவாகப் புரிந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. அவர்கள் ரெனோன்சான் குடும்பம். பிரெஞ்சு இந்தியாவில் 1881ஆம் ஆண்டு ஆணை வழியாக, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்களின் வாரிசு. அதனால் புதுச்சேரியில் அவர் பிறந்த வீட்டுக்கும் இதே சட்டம், இதே பங்கு, இதே பூட்டு. அண்ணன் தம்பிகளோடு இன்னும் பிரிக்கவில்லை. "எங்க பாட்டி காலத்துலயே பொண்ணுக்குச் சமபங்கு உண்டு. பேப்பர்ல" என்றார். அந்த 'பேப்பர்ல'வை அவர் இழுத்த விதத்தில் பாதிக் கதை இருந்தது. பாண்டியில் ஒரு தெருவும் பெரிகோரில் ஒரு கிராமமும் ஒரே சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

கிழவியைச் சாப்பிட உட்கார வைத்தார் அம்மா. அன்று சாதம், மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். ரசத்தைக் குழிந்த சூப் தட்டில் ஊற்றிக் கொடுத்தோம். அவர் ஒரு வாய் வைத்து, புருவம் தூக்கி, பிறகு பேசாமல் குடித்தார். அடியில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தபோது ஸ்பூனைக் கீழே வைத்தார். மேசையில் இருந்த பெர்ஜெராக் சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்தார். மிச்ச ரசத்தில் தாராளமாக விட்டார். தட்டைச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, முழங்கைகளை மேசையில் ஊன்றி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

லண்டன்காரனின் மகள் வாயைப் பிளந்தபடி இருந்தாள். பெரிகோர், லிமூசான் பக்கத்து உழவர்களின் பழக்கம் அது, ஷாப்ரோல் என்பார்கள். பூண்டு சூப்பின் கடைசிச் சொட்டைச் சிவப்பு ஒயினால் கழுவிக் குடிப்பது. பட்டணத்தில் செய்தால் முகம் சுளிப்பார்கள். கிழவியின் தாத்தா செய்யும்போது மட்டும் குழந்தைகளுக்கும் ஒரு வாய் கிடைக்குமாம். அந்தத் தாத்தா உட்கார்ந்த நாற்காலிதான், உட்காராதீர்கள் என்று சீட்டு ஒட்டிய நாற்காலி. கிழவி இப்போது உட்கார்ந்திருந்ததும் அதில்தான்.

நானும் செய்து பார்த்தேன். புளிப்பின் மேல் துவர்ப்பு, நடுவில் மிளகு. நல்லாயில்லை. லண்டன்காரன் மூன்று தடவை செய்தான். அவனுக்கு ரசம் ஒரு சாக்கு. கிழவியின் தீர்ப்பு, ரசத்தில் குறையில்லை, ஒயின்தான் மட்டம். மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு பாட்டிலும், ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பும் கொண்டு வந்தார். வறுவலை அதில் செய்யச் சொல்லி அம்மாவோடு அடுப்படியில் நின்று சண்டை போட்டார். அம்மா பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பாதி எண்ணெயில், பாதி கொழுப்பில் என்று அதையும் பங்கு பிரித்தார்கள். கொழுப்பில் வறுத்ததுதான் முதலில் தீர்ந்தது. அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

கிளம்பும் காலையில் வீட்டுக்காரர் வந்தார். ஒல்லியான, கூச்சமான மனிதர். சீட்டுகளை வைத்து நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆளே இல்லை. கரண்டிகளை எண்ணினார், கண்ணாடிக் கோப்பைகளை எண்ணினார், நீச்சல் குளத்தின் அலாரத்தைச் சோதித்தார். நாற்காலியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு தோட்டத்துக்குப் போய் மொட்டையாக நின்ற பிளம்ஸ் மரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, முற்றத்தில் பெட்டியோடு நின்ற அம்மாவிடம் வந்து ஏதோ கேட்டார்.

அம்மா தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் நிதானமாகப் பதில் சொன்னார். நண்பன் என் காதில் மொழிபெயர்த்தான்: "எல்லாத்தையும் நாங்களேதான் தின்னோம் மிசே, எங்ககூட நெறையப் பசங்கன்னு சொல்றாங்க."

அவர் சிரித்தார். "சென்ற வாரம் தங்கியவர்களும் இதையேதான் சொன்னார்கள்" என்றார்.